அப்பாவின் பாட்டும் அம்மாவின் மணிக்கட்டும்

எங்கள் சர்ச்சில் வருஷத்துக்கு ஒருமுறை பெண்கள் ஞாயிறு வரும். அன்று ஒரு நாள் மட்டும் ஆண்கள் பெரிய மனது பண்ணி ஆராதனையைப் பெண்கள் கையில் கொடுப்பார்கள். வேதபாடம் வாசிப்பது, காணிக்கை எடுப்பது, பிரசங்கம், ஜெபம் எல்லாமே பெண்கள்தான். ஒரே நிறத்தில் புடவை எடுப்பதற்காக ஜெனரல் பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கி, தங்களுக்குள் சண்டை போட்டு, சமாதானமாகி, அன்று காலை வரிசையாக உள்ளே நடந்து வருவார்கள். அன்றைக்கு வீட்டில் யார் சமைத்தது என்று யாரும் கேட்பதில்லை. விடிவதற்கு முன்பே அதையும் அவர்களே முடித்து வைத்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

அந்த ஞாயிறுக்கென்று ஒரு பாட்டு இருக்கிறது. செகந்திராபாத்தில் தமிழ் ஆராதனை நடக்கிற மற்ற இடங்களுக்கும் அது பரவி, இப்போது கல்யாணத்திலும் அடக்கத்திலும்கூடப் பாடுகிறார்கள். எழுதி மெட்டமைத்தவர் என் அப்பா.

*அடுப்படி அறிந்த கைகள் – எம்மை*
*அணைத்திடக் குளிர்ந்த கைகள்*
*ஆணி துளைத்த உம் கரம்போல் – தேவா*
*அன்பினில் வடுப்பட்ட கைகள்*

நல்ல பாட்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டு மோசமாக இருந்திருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்திருக்காது. இரண்டு வருஷம் பாடிவிட்டு மறந்திருப்பார்கள். கடைசி அடியில் மெட்டு கொஞ்சம் இறங்கி, 'வடுப்பட்ட' என்கிற இடத்தில் ஒரு நொடி நின்று, பிறகு வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி முடியும். அந்த இடத்தில் முன்வரிசைக் கிழவிகள் கண்ணைத் துடைப்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். நானும் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். அதுதான் கொடுமை. அந்தக் கைகளில் வடு எப்படி வந்தது என்று தெரிந்த பிறகும் துடைத்துக்கொள்வேன்.

அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தார். சாயங்காலம் வந்து காபி குடித்ததும் ஆர்மோனியத்தைத் திறந்துவிடுவார். பாடகர் குழுவுக்குத் தலைவர். பாட்டில் பாதி பெண்கள் பாடுவதாக இருக்கும் என்பதால், ஒவ்வொரு அடியையும் முதலில் அம்மாவைப் பாடச் சொல்லித்தான் சரிபார்ப்பார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்க வேண்டும். உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் மூச்சு சுருங்குமாம். பாடும்போது பிசகினால் ஒரு அறை. பிசகாமல் பாடி, அதன் பிறகும் அவருக்கு மெட்டு பிடிக்காமல் போனால் அதற்கும் ஒரு அறை. ஆர்மோனியம் இல்லாத நாட்களிலும் காரணத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. குழம்பு இருந்தது, சலவைச் சட்டை இருந்தது, ஊரிலிருந்து வந்த மாமாவின் பேச்சு இருந்தது.

எனக்குப் பதினாலு வயதோ பதினைந்தோ. ஏதோ ஒரு புதுப்பாட்டை அம்மா பாடிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். மேல் ஸ்தாயிக்குப் போகிற இடம் வந்ததும் அம்மா நிறுத்திவிட்டு, "இது ரொம்ப மேல போகுதுங்க. நம்ம பொம்பளைங்களுக்கு எட்டாது. வயசானவங்கதான நிறையப் பேர் இருக்காங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வீம்பாகவும் சொல்லவில்லை. சர்ச்சுக்கு நல்லதென்று நினைத்துச் சொன்னாள். அப்பா எழுந்து அவள் வலது கையைப் பிடித்துப் பின்னால் திருப்பினார். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னோம். எங்கள் வீட்டு பாத்ரூம் அப்படிப்பட்டது. அதற்கு முன்பு அவள் நெற்றியையும், ஒரு பல்லையும், முழங்கையையும் அதே பாத்ரூம்தான் வாங்கியிருந்தது. சர்ச் வழக்கப்படி வீட்டில் யாராவது படுத்துவிட்டால் பெண்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவருவார்கள். எங்களுக்கும் டிபன் கேரியர் டிபன் கேரியராக வந்தது. ஒருத்தியாவது "நெஜமாவே விழுந்தீங்களா?" என்று கேட்பாள் என்று நான் வாசலிலேயே நிற்பேன். எல்லோரும் கட்டுப் போட்ட கையைப் பார்ப்பார்கள், அப்பாவைப் பார்ப்பார்கள், பிறகு குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். ஒரு அம்மாள் மட்டும் போகும்போது என் அம்மாவின் கன்னத்தைத் தட்டி, "இனிமே பாத்ரூம்ல பாத்து நடங்க" என்றார். அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீடுகளுக்கு நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர்.

அந்தக் கட்டு இருந்த வாரங்களில்தான் அப்பா அந்தப் பாட்டை எழுதினார். ஒரு சனிக்கிழமை, டிபன் கேரியர் வராத நாள், அவரே அரிசி களைய நின்றார். களைந்த தண்ணீரோடு பாதி அரிசியும் தொட்டியில் கொட்டியது. அதைப் பொறுக்கக் குனிந்தவர் அப்படியே நின்று அழுதார். அவரை வேறு யாரும் பார்க்கவில்லை, நான் மட்டும்தான் இருந்தேன், நான் இருந்ததும் அவருக்குத் தெரியாது. பிறகு ஈரக் கையோடு போய் ஆர்மோனியத்தைத் திறந்தார். அந்த அழுகை நிஜம். அது நடிப்பாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாகப் போயிருக்கும். அவரையும் அவர் பாட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிந்திருப்பேன்.

அந்தப் பாட்டின் சுருதியைக் குறைத்து வைத்திருந்தார். எந்தக் கிழவிக்கும் எட்டுகிற மாதிரி. அம்மா சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கட்டு பிரித்த பிறகு அடி நின்றதா என்று கேட்டால், நிற்கவில்லை. கை மட்டும் கோணலாகக் கூடி, மணிக்கட்டில் ஒரு முண்டு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அந்த வருஷம் பெண்கள் ஞாயிறில் ஊதா நிறப் புடவை. அம்மா இரண்டாவது வரிசையில் நின்று 'அன்பினில் வடுப்பட்ட கைகள்' என்று பாடினாள். அன்பினிலாம். அப்பா முன்னால் நின்று கையசைத்து நடத்தினார். ஆராதனை முடிந்ததும் ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அடுத்த வருஷத்திலிருந்து அந்தப் பாட்டு ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். செருப்பு விடும் இடத்தில் நிற்பேன். கல்யாணம் ஆன பிறகும், குழந்தையைத் தூக்கிக்கொண்டும் அப்படித்தான் போய் நின்றேன். என் வாயால் அதைப் பாடுவதில்லை என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஊரே சேர்ந்து மறந்த ஒரு விஷயத்தை ஒருத்தியாவது மறக்காமல் இருக்க வேண்டும் என்கிற வீம்பு. "அந்தப் பொண்ணுக்கு அப்பா மேல என்னமோ கோபம்" என்று பேசிக்கொள்வார்கள். என்னமோவாம்.

அப்பா இறந்தபோது போதகர் பிரசங்கத்தில், பெண்களின் உழைப்பை இவ்வளவு மதித்த ஒரு மனிதரைத் தன் ஊழியத்தில் கண்டதில்லை என்றார். பாவம், அவர் சபைக்குப் புதிது. பழையவர்கள் எல்லோரும் தலையாட்டினார்களே, அவர்களுக்கு என்ன வந்தது? கல்லறையில் பெண்கள் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அம்மா மண் அள்ளிப் போட்டுக்கொண்டே பாடினாள்.

அதன் பிறகு அம்மா லோத்குண்டாவில் எங்கள் பிளாட்டுக்கு வந்தாள். கொஞ்ச வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். பால்கனியில் உட்கார்ந்து, எதிரே ராணுவத்து நிலத்தில் பையன்கள் ஓடுவதைப் பார்ப்பாள், மிளகாய் காயவைப்பாள், என் கணவருக்குத் திருநெல்வேலிக் குழம்பு வைத்துக் கொடுப்பாள். பிறகு மறக்க ஆரம்பித்தாள். முதலில் அடுப்பில் வைத்த பால், பிறகு கிழமை, பிறகு தெரு, பிறகு மனிதர்கள். அப்பாவை மறந்தாள். சுவரில் நான் அவர் போட்டோ மாட்டவில்லை என்பதால் நினைவூட்டவும் ஒன்றுமில்லை. கடைசியில் என்னையும் மறந்தாள். இது ஆஸ்பத்திரி என்றும் நான் நர்ஸ் என்றும் முடிவு செய்துகொண்டாள். "சிஸ்டர், எப்ப வீட்டுக்கு விடுவீங்க?" என்று மரியாதையாகக் கேட்பாள். நான் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

நர்ஸாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. சாப்பாடுதான் பெரிய பாடாகப் போனது. பசி என்றால் என்ன என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், கதை சொல்லிப் பார்த்தேன். அதட்டியபோது அவள் தலைக்கு மேல் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அடித்தவனை மறந்தவளுக்கு அடி மட்டும் மறக்கவில்லை. அன்றிலிருந்து நான் குரல் உயர்த்தியதில்லை.

என் மகளுக்கு மாதாப்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். தமிழில் பேசினால் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ வரும். ஒரு ஞாயிறு பாட்டியின் வாய் திறக்காததைப் பார்த்துவிட்டு, சர்ச்சில் யாரோ எடுத்துப் போட்ட வீடியோவை போனில் ஓடவிட்டாள். அந்தப் பாட்டு. நான் நிறுத்தச் சொல்லி வாயெடுப்பதற்குள் அம்மா வாயைத் திறந்தாள். பாடுவதற்காகத் திறந்தாளா, சோற்றுக்காகத் திறந்தாளா தெரியாது. மகள் ஒரு ஸ்பூன் ரசம் சாதத்தை உள்ளே வைத்தாள். அம்மா மென்றாள், விழுங்கினாள், மறுபடியும் திறந்தாள்.

"சீ மம்மி, பாகுந்தி கதா?" என்றாள் மகள், பார், நன்றாக இருக்கிறதல்லவா என்று பெருமையாக. அவளுக்குத் தாத்தாவைப் பற்றித் தெரியும். நான்தான் சொல்லியிருக்கிறேன். "ஐ நோ, ஐ நோ. ஆனா பாட்டி ஈட்டிங். தட்ஸ் ஆல்."

போன் நெடுநாள் உதவவில்லை. அத்தனை குரல்களைக் கேட்டதும் யாரோ வந்திருக்கிறார்கள் என்று அம்மா எழுந்து கதவைத் திறக்கப் போக ஆரம்பித்தாள். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பாடினால்தான் அடங்கி உட்காருவாள். மகள் வாரம் ஒரு நாள் வருகிறவள். என் கணவருக்குப் பாட்டு வராது. மிச்சம் இருந்தது நான்.

முதல் நாள் பாடியபோது என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஒரு மாதத்தில் 'வடுப்பட்ட' வரும் இடத்தில் எப்படி மூச்சை நிறுத்தினால் அழகாக விழும் என்றுகூடக் கண்டுபிடித்துவிட்டேன். அந்த அளவுக்குப் போய்விட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் முகம் அப்படி நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த மனிதர் உயிரோடு இருந்தவரை கொடுக்காததை அவருடைய பாட்டு கொடுத்துக்கொண்டிருந்தது. நான் அதைக் கரண்டியில் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம் சபைச் செயலரும் அவர் மனைவியும் வந்தார்கள். கதவு சாத்தவில்லை. நான் பாடிக்கொண்டிருந்தேன். அவர்கள் பாட்டு முடியும்வரை வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மாள் முகத்தில் ஒரு சிரிப்பு. செருப்பு விடும் இடத்தில் நான் இத்தனை வருஷம் நின்றதற்கெல்லாம் சேர்த்து வைத்த சிரிப்பு.

செயலர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். "அக்கா, இந்தத் தடவ பெண்கள் ஞாயிறு நல்லா கிராண்டா பண்றோம். புது ஸ்கிரீன் போட்டிருக்கோம்ல. அந்தப் பாட்டு பாடும்போது அய்யாவோட போட்டோ ஸ்கிரீன்ல வரணும்னு கமிட்டில எல்லாருக்கும் ஆசை. நல்ல போட்டோ ஒண்ணு உங்ககிட்டதான் இருக்கும்" என்றார்.

"பாட்டு பாடுங்க. போட்டோ தர மாட்டேன்" என்றேன்.

"ஏன்க்கா?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சங்கடமாக மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தணிந்த குரலில், இந்த ஊர் உருதுவைக் கலந்து, "கைக்கு? எதுக்கு அக்கா பழசெல்லாம் இப்போ? நக்கோ, வேணாம். போனவங்கள விட்டுடுங்க. இப்ப நீங்களே பாடிட்டுத்தானே இருக்கீங்க" என்றார்.

செயலருக்குத் தைரியம் வந்துவிட்டது. "பாட்டு வேற, ஆளு வேறக்கா. ரெண்டையும் போட்டுக் கலக்கக் கூடாது. கர்த்தர் யாரை வேணும்னாலும் எடுத்துப் பயன்படுத்துவார்."

"பாட்டு வேற ஆளு வேறன்னா ஆளோட போட்டோ எதுக்கு?" என்றேன்.

நான் விடவில்லை. "போட்டோ போடுங்க. கூடவே கீழ ஒரு வரி போடுங்க, இந்தப் பாட்டு எழுதும்போது இவர் மனைவி கை ஏன் கட்டுல இருந்ததுன்னு. ரெண்டும் போடறதா இருந்தா இப்பவே எடுத்துத் தரேன்."

அவர்கள் டீ குடிக்காமல் எழுந்தார்கள். லிஃப்ட் வரும்வரை வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. எனக்கு ஜெயித்துவிட்டது போல இருந்தது. இவர்கள் 'பிரித்துப் பார்க்க வேண்டும்' என்று சொல்வதன் அர்த்தம் எனக்கு அன்று நன்றாகப் புரிந்தது. புகழ் வரும்போது பாட்டும் ஆளும் ஒன்று. கேள்வி வரும்போது மட்டும் இரண்டு. புகழையும் கேள்வியையும் ஒரே ஆளிடம் கொண்டு போய்க் கொடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன். அதற்கு இவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

இந்த வீறாப்பு சில நாள்தான் நீடித்தது.

ஒரு மத்தியானம் பாதிச் சாப்பாட்டில் அம்மா கண்ணைத் திறந்து, "சிஸ்டர், இது யாரு எழுதுன பாட்டு?" என்று கேட்டாள்.

அவள் அப்படிக் கோர்வையாக ஒரு கேள்வி கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. நான் கரண்டியைத் தட்டில் வைத்தேன். "ஏம்மா கேக்குறீங்க?"

"பொம்பளையோட கைய இப்படிப் பாத்து எழுதிருக்காரே. நல்ல மனுசனாத்தான் இருக்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரு வீட்டுக்காரி குடுத்து வச்சவ" என்றாள்.

ஊரார் சொன்னபோது பொறுத்தேன், போதகர் சொன்னபோது பொறுத்தேன். இதைப் பொறுக்க முடியவில்லை. அந்த மனிதருக்கு இந்தச் சான்றிதழை இவள் வாயால் கொடுக்க நான் விடமாட்டேன் என்று தோன்றியது. நான் சொன்னேன். சத்தம் போடாமல், நிதானமாக, யாரோ ஒருவர் கதையைச் சொல்வது போலச் சொன்னேன். எழுதியவர் தன் மனைவியை அடிப்பார் என்றேன். சுருதி அதிகம் என்று சொன்னதற்காகக் கையை முறித்தார் என்றேன். அந்தக் கை கட்டுப் போட்டுக் கிடந்தபோதுதான் இந்தப் பாட்டை எழுதினார் என்றேன்.

அம்மா என் கைகளைப் பார்த்தாள். என் வலது கையைத் தன் கோணல் கையால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒங்களயா சிஸ்டர்?"

"இல்லம்மா. என்ன இல்ல. வேற ஒருத்தங்கள."

"ஆரும் கேக்கலியா அவன?"

"இல்ல."

"பக்கத்துல ஆள் கெடையாதா?"

"நிறைய இருந்தாங்க. எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா இந்தப் பாட்டப் பாடுதாங்க?"

"ஆமாம்மா."

அவள் என் கையை விட்டாள். "நீங்களும் பாடுதீங்களே" என்றாள்.

நீங்கள் சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் பாடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? அவள் அழ ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணுக்காக அழுதாள். "பாவம், அவ இப்ப எங்க இருக்கா? அவளுக்கு ஆரு சோறு போடுதா?" என்று சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லபடியாக இருக்கிறாள் என்று நானும் சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்காக ஒருவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அழுததும் அவளேதான்.

மறுநாள் அவளுக்கு எதுவும் நினைவில்லை. கதை நினைவில்லை, அழுதது நினைவில்லை. ஆனால் நான் பாட ஆரம்பித்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "வேண்டாம் சிஸ்டர். அந்தப் பாட்டுல என்னமோ சரியில்ல" என்றாள். என்ன சரியில்லை என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. கசப்பு மட்டும் உள்ளே தங்கியிருந்தது.

முதல் நாள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒருவழியாக ஒரு ஆள், அதுவும் இந்த ஆள், அந்தப் பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே. நான் வாழ்நாளெல்லாம் செய்தது இதற்காகத்தானே. இரண்டாம் நாள் வேறு பாட்டுகளைப் பாடிப் பார்த்தேன். பழைய கீர்த்தனைகள், ஞாயிறு பள்ளிப் பாட்டுகள், கடைசியில் தாலாட்டு. வாய் திறக்கவில்லை. ஜூஸை ஸ்ட்ராவில் கொஞ்சம் உறிஞ்சினாள், பிறகு அதையும் துப்பினாள். வளையல் மணிக்கட்டு முண்டைத் தாண்டித் தானாகக் கழன்று விழும் அளவுக்குக் கை மெலிந்தது. பக்கத்து நர்சிங் ஹோமில் டிரிப் ஏற்றி அனுப்பினார்கள். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும், அதைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிலோடு கட்டவும் வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். எந்தக் கையை என்று அவருக்குத் தெரியாது.

மகள் மாதாப்பூரிலிருந்து வேலை நாளிலேயே வந்துவிட்டாள். நான் நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "வொய் மம்மி? ஷீ வாஸ் ஹாப்பி. ட்ரூத்தை வச்சு பாட்டி ஏம் சேஸ்துந்தி?"

உண்மையை வைத்துக்கொண்டு பாட்டி என்ன செய்வாள் என்று கேட்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லோரும் இதையேதான் கேட்டார்கள், வெவ்வேறு பாஷையில். ஆனால் அவள் கேட்டது மட்டும் தைத்தது. நான் உண்மையைச் சொன்னது அம்மாவுக்காகவா, அல்லது அந்த மனிதரைத் தோற்கடிக்க எனக்குக் கடைசியாக ஒரு ஆள் தேவைப்பட்டதாலா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் அம்மா பட்டினி கிடந்தாள்.

நர்சிங் ஹோமுக்குத் திரும்பிப் போக வேண்டிய நாள். காலையில் ரசம் சாதத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வார்த்தை இல்லாமல் மெட்டை மட்டும் முனகினேன். அம்மா முகத்தைத் திருப்பவில்லை. சந்தேகமாக என்னையே பார்த்தாள். மெதுவாக வார்த்தைகளைச் சேர்த்தேன். அடுப்படி அறிந்த கைகள்.

"யாரு எழுதுனது சிஸ்டர் இது?" என்றாள். குரலில் ஒரு பயம் இருந்தது.

"தெரியாதும்மா. பழைய பாட்டு. பேரெல்லாம் யாருக்கும் தெரியாது."

அது போதவில்லை. உதடு இறுகியபடியே இருந்தது. "ஆம்பளையா, பொம்பளையா?"

அப்பா களைந்துகொட்டிய அரிசியும், அவர் அழுத அழுகையும், நான் கேட்ட அந்தச் சத்தமும் என்னைத் தவிர வேறு யாரிடமும் இனி இல்லை. அதை நான் எப்படி எடுத்துக் கொடுக்கிறேனோ அதுதான் இனிமேல் உண்மை.

"பொம்பளதாம்மா. ஒரு பொம்பள எழுதுனது" என்றேன்.

அம்மா முகம் தளர்ந்தது. "அதான பாத்தேன்" என்றாள். "அவ கை அவளுக்குத்தான தெரியும்."

வாயைத் திறந்தாள். பாட்டை அப்பாவிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்று சந்தோஷப்பட முடியவில்லை. அவர் பேரை எடுத்ததோடு அவர் செய்ததையும் சேர்த்து எடுத்துவிட்டேன். பாட்டு வேறு ஆள் வேறு என்று பிரிக்கச் சொல்லி அந்தச் செயலர் கேட்டும் நான் செய்ய மறுத்ததை, பெற்றவளுக்கு ஒரு வாய் சோறு ஊட்டுவதற்காக, என் வாயாலேயே முழுசாகச் செய்து முடித்தேன். அம்மா தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள்.